சேஃப்வேர்ட் என்றால் முகம் சுளிப்பவரா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வயது குறிப்பிடாத கடிதங்களை இந்த முறையும் ஓரம் வைத்துவிட்டேன். பிடிஎஸ்எம், அதாவது சம்மதத்தோடு ஒருவர் ஆள, மற்றவர் அடங்கிப்போகும் அந்தரங்க ஆட்டம் பற்றிய இந்தப் பகுதி பதினெட்டு தாண்டியவர்களுக்கு மட்டும்தான். தலைப்பில் இருக்கும் சேஃப்வேர்ட், ஆட்டத்தைக் குறைக்கவோ நிறுத்தவோ முன்பே பேசிவைக்கும் சொல். எத்தனை தடவை சொன்னாலும் நாலைந்து பேர் மறந்துவிடுகிறார்கள்.

கே: இருவருக்குமே விருப்பம் உண்டு. பேச்சை எங்கே, எப்போது ஆரம்பிப்பது?

படுக்கையில் வேண்டாம், குடித்திருக்கும்போது வேண்டவே வேண்டாம். பகலில், காபி குடித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சப், அதாவது அடங்கிப்போகும் பக்கம் இருப்பவர், முதலில் பேசட்டும். ஆளும் பக்கம் இருக்கும் டாம் தன் ஆசைகளை முதலில் அடுக்கிவிட்டால், சப் அதற்கு ஏற்றமாதிரி பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

கே: என்னென்ன செய்யலாம் என்று நெட்டில் எடுத்த 150 வரிப் பட்டியலில் என் துணை எல்லாவற்றுக்கும் 'பார்க்கலாம்' என்று டிக் அடித்துவிட்டார். சம்மதம்தானே?

இல்லை. அவர் பட்டியலைப் படிக்கவே இல்லை என்றுதான் அர்த்தம். பதினைந்து வரி போதும், ஆளுக்கொரு தாளில் தனித்தனியாக நிரப்புங்கள். முன்பு செய்ததா, கேள்விப்பட்டது மட்டுமா? செய்யவா, செய்துகொள்ளவா? ஆர்வம் 0 முதல் 5 வரை எவ்வளவு? 0 என்றால் ஹார்ட் லிமிட், அதாவது தொடவே கூடாத எல்லை, ஏன் என்று கேட்கக் கூடாது. 1, 2 வாங்கியவற்றை முதல் சில மாதங்களுக்குத் தொடாதீர்கள். 'அடி' என்று மொட்டையாக எழுதினால் போதாது. கையாலா, பெல்ட்டாலா? உடம்பில் எங்கே? மறுநாள் ஆபீஸில் தடம் தெரிந்தால் பரவாயில்லையா? கழுத்து, முதுகெலும்பு, விலாவுக்குக் கீழே சிறுநீரகம் இருக்கும் இடம் எல்லாம் எப்போதும் விலக்கு. ஆஸ்துமா, சர்க்கரை, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, பழைய தோள்பட்டைக் காயம் இருந்தால் தாளின் தலையிலேயே எழுதுங்கள்.

கே: முத்திரைத்தாளில் ஒப்பந்தம் போட்டு நோட்டரி கையெழுத்து வாங்கலாமா?

காசுக்குக் கேடு. கோர்ட்டில் செல்லாது. பாரதிய நியாய சன்ஹிதா 25-வது பிரிவுப்படி, கொடுங்காயம் விளையக்கூடும் என்று தெரிந்தே செய்ததற்குச் சம்மதம் கேடயமாகாது. நினைவுக்காக ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், போதும்.

கே: ஆன்லைனில் பழகும் டாம் 20 வருட அனுபவம் உள்ளவர். 'உண்மையான சப் சேஃப்வேர்ட் கேட்கமாட்டாள், கேட்டால் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம்' என்கிறார். எனக்கு 26 வயது.

அவரைச் சந்திக்காதீர்கள். இதே கடிதம் மாதாமாதம் வருகிறது, ஆள்தான் வேறு. எனக்கு வரும் எரிச்சலை அச்சில் எழுத முடியாது.

'வேண்டாம், விடு' என்பதே ஆட்டத்தின் வசனமாக இருக்கும்போது, நிஜமான 'வேண்டாம்' எது என்று அவர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்? சேஃப்வேர்ட் இல்லாத டாம் கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுபவர். பச்சை, மஞ்சள், சிவப்பு போதும், புதுச்சொல் தேடி அலைய வேண்டாம். மஞ்சள் என்றால் குறைத்துவிட்டு என்னவென்று கேட்க வேண்டும். சிவப்பு என்றால் அந்த நொடியே நிறுத்தி, கட்டவிழ்த்து, தண்ணீர் கொடுக்க வேண்டும். காரணம் கேட்பதெல்லாம் பிறகு. வாய் மூடியிருந்தால் கையில் சாவிக்கொத்து கொடுங்கள், அதைக் கீழே போட்டால் சிவப்பு என்று அர்த்தம். டைல்ஸ் தரையில் விழுந்தால் பக்கத்து அறைக்கே கேட்கும். இதை ஒருமுறை ஒத்திகை பாருங்கள், நெருக்கடியில் வார்த்தை வராது. டாமுக்கும் சிவப்பு சொல்லும் உரிமை உண்டு.

இன்னொன்று. பேசி முடித்ததை சீன் (ஒரு தடவை ஆடும் ஆட்டம்) நடுவே குறைக்கலாம், கூட்டக் கூடாது. உடம்பு கிறுகிறுத்திருக்கும் நேரத்தில் சப் எதற்கும் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டல் சம்மதத்தில் சேராது.

இப்படிப்பட்ட ஆளைச் சோதிக்க சுலப வழி உண்டு. சின்னதாக ஒரு 'முடியாது' சொல்லிப் பாருங்கள், சந்திக்கும் ஓட்டலை மாற்றச் சொல்லுங்கள். அதற்கே முறுக்கிக்கொள்பவர், கதவு சாத்திய அறையில் உங்கள் பேச்சைக் கேட்கவா போகிறார்? யாரைச் சந்தித்தாலும் முதல் தடவை பொது இடம். எங்கே இருக்கிறீர்கள், எத்தனை மணிக்கு போன் வரும் என்று ஒரு தோழிக்குத் தெரிந்திருக்கட்டும்.

கே: கைவிலங்குக்கு ஒரு சாவிதான் வந்தது. போதுமா?

இரண்டு வேண்டும். அதைவிட, மலிவு இரும்பு விலங்கையே தூக்கிப் போடுங்கள். இழுக்க இழுக்க இறுகி மணிக்கட்டு நரம்பை நசுக்கும். அகலமான தோல் பட்டை நல்லது. கயிறென்றால் தோலுக்கும் கயிற்றுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். மேற்கையின் வெளிப்பக்கத்தில் அழுத்தம் விழக் கூடாது, அங்கே நரம்பு எலும்பை ஒட்டி ஓடுகிறது. விரல் மரத்தாலோ, மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போனாலோ உடனே அவிழுங்கள், 'இன்னும் அஞ்சு நிமிஷம்' கிடையாது. முனை மழுங்கிய கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், அந்தக் கயிற்றை அது வெட்டுகிறதா என்று முன்பே பாருங்கள். கட்டிய ஆளைத் தனியே விட்டுவிட்டு கூரியர்காரருக்குக் கதவு திறக்கப் போகாதீர்கள்.

கே: கழுத்தை லேசாக அழுத்துவது?

பாதுகாப்பான முறை என்று ஒன்று கிடையாது. பத்து நொடியில் நினைவு தப்பும்.

கே: டாம்-சப் என்று முழுநேர ஏற்பாடாக வாழலாம் என்கிறார் கணவர். சம்பளக் கார்டும் போன் பாஸ்வேர்டும் அவரிடம் இருக்க வேண்டுமாம்.

இரண்டையும் கொடுக்காதீர்கள். பணமும் போனும் இல்லாதவர் விலகவும் முடியாது, விலக முடியாதவரின் சம்மதத்துக்கு மதிப்பும் இல்லை. உடை, சாப்பாடு, தூங்கும் நேரம் என்று இரண்டு மூன்று விஷயங்களோடு, இரண்டு வாரம் என்று முடிவு தேதி போட்டு ஆரம்பியுங்கள். அந்த நாளில் இருவரும் சமமாக உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் நீட்டிக்க வேண்டும்.

கே: எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. இரண்டு நாள் கழித்து அழுகை அழுகையாக வருகிறது. இது நோயா?

பலருக்கு வருவதுதான். சீன் முடிந்ததும் போர்வை, தண்ணீர், இனிப்பாக ஏதாவது, அரை மணி நேரம் பக்கத்தில் இருப்பது என்று ஆஃப்டர்கேரையும் முன்பே பேசுங்கள். மூன்றாம் நாள் வரை தினமும் ஒரு போன். டாமுக்கும் இந்தச் சரிவு வரும். ஒரு வாரம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்த விருப்பமே நோயா என்று கேட்டிருந்தால், இல்லை. 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியலில் சம்மதத்தோடு நடக்கும் இது நோயாக இல்லை.

கே: நினைவுக்குப் போட்டோ எடுக்கலாமா?

முகம், மச்சம், பச்சை குத்தியது, ஜன்னல் எதுவும் தெரியாமல், சப்பின் போனில் மட்டும். அனுமதியில்லாமல் அந்தரங்கப் படத்தை அனுப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். எடுக்கத் தந்த சம்மதம் வேறு, அனுப்பத் தரும் சம்மதம் வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.