யூத மதத்தில் தன்னாயிம் என்பவர்கள் யார்? அவர்கள் ஏன் முக்கியம்?

ஏறக்குறைய கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளில், ரோமர் ஆட்சியில் இருந்த யூதேயாவிலும் கலிலேயாவிலும் வாழ்ந்த யூத அறிஞர்களே தன்னாயிம். யூதர்களின் வேதமான தோராவோடு சேர்ந்து வாய்வழியாக வந்த சட்டங்களை மனப்பாடமாகக் காத்து, விவாதித்து, மாணவர்களுக்குக் கற்பித்தார்கள்.

அவர்கள் முக்கியமானதற்குக் காரணம் இதுதான். கி.பி. 70இல் ரோமப் படை எருசலேம் ஆலயத்தை அழித்தது. அங்கே பலி செலுத்துவதுதான் வழிபாட்டின் மையமாக இருந்தது. ஆலயத்தோடு மதமும் அழிந்திருக்கலாம். தன்னாயிமில் ஒருவரான யோகனான் பென் சக்காய் யாவ்னே என்ற ஊரில் அறிஞர்களைத் திரட்டினார். பலி இருந்த இடத்துக்குப் பிரார்த்தனையும் படிப்பும் அறச்செயலும் வந்தன. வரலாற்றின் மிகப் பெரிய மீட்சிகளில் ஒன்றாகவே இதைச் சொல்வேன்.

அப்புறம் சுமார் கி.பி. 200இல் யூதா ஹ-நாசி என்ற தன்னாயிம் அறிஞர் வாய்வழியாக வந்த அந்தச் சட்டங்களை மிஷ்னா என்ற நூலாகத் தொகுத்தார். குடும்பம் ஊர் ஊராகப் பிரியும்போது பாட்டியின் ஊறுகாய்ப் பக்குவத்தை நோட்டில் எழுதி, அத்தை சொன்ன அளவையும் சித்தி சொன்ன அளவையும் சேர்த்தே குறித்து வைப்போம் இல்லையா, அப்படி. ஹில்லேல், ஷம்மாய் என்ற இரு ஆசான்களின் வழியினர் முரண்பட்ட இடங்களில் இரு தரப்பும் மிஷ்னாவில் பதிவாகியிருக்கின்றன.

இவர்களைத் தீர்க்கதரிசிகள் என்றோ ஆலயக் குருக்கள் என்றோ பலர் நினைக்கிறார்கள். ஆனால் இவர்களுடைய மதிப்பு கல்வியால் வந்தது, பலர் கைத்தொழில் செய்து பிழைத்தவர்கள்.