மறைத்து வைத்தார்கள், பிறகு கொடியாக்கினார்கள்

1970-களில் அமெரிக்கப் பெண்ணிய இயக்கத்துக்கும், குறிப்பாக அதன் தீவிரப் பிரிவுக்கும், லெஸ்பியன் பெண்களுக்கும் இடையே இருந்த உரசலைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கல்லூரி மாணவி, திருச்சி: அக்கா, இரண்டு தரப்பும் பெண் விடுதலைக்காகத்தானே நின்றார்கள்? அப்புறம் எதற்குச் சண்டை?

முதல் காரணம் பயம்தான்மா. பெண்ணியம் பேசினாலே "இவள் லெஸ்பியன்" என்று வாயடைக்கப் பார்த்த காலம் அது. அந்த வசைக்கு அஞ்சியவர்கள், உண்மையிலேயே பெண்ணை நேசித்த பெண்களைக் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். தேசியப் பெண்கள் அமைப்பின் தலைவர் பெட்டி ஃப்ரீடன் 1969-இல் அவர்களை 'லாவெண்டர் ஆபத்து' என்றார். லாவெண்டர் என்றால் இளம் ஊதா நிறம். அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க்கில் பெண்கள் ஒற்றுமை மாநாடு நடந்தது. அதை ஆதரித்த அமைப்புகளின் பட்டியலிலிருந்து 'டாட்டர்ஸ் ஆஃப் பிலிடிஸ்' என்ற பெயரை எடுத்துவிட்டார்கள். 1955 முதல் இயங்கிவந்த லெஸ்பியன் அமைப்பு அது. தேசியப் பெண்கள் அமைப்பின் நியூயார்க் கிளையில் செய்திமடலைக் கவனித்துவந்த லெஸ்பியன் பெண் ரீட்டா மே பிரவுன் மனம் வெறுத்து வெளியேறினார்.

வாசகர், சேலம்: ஃப்ரீடன் சீர்திருத்தவாதிதானே, தீவிரப் பெண்ணியர் இல்லையே? பழியை ஏன் தீவிரப் பெண்ணியத்தின் மேல் போடுகிறீர்கள்?

நல்ல கேள்வி, தம்பி. ஃப்ரீடன் சட்டத்தையும் வேலைவாய்ப்பையும் மாற்றப் போராடியவர். 'ரெட்ஸ்டாக்கிங்ஸ்' போன்ற தீவிரக் குழுக்களோ திருமணம், குடும்பம், படுக்கையறை எல்லாமே அரசியல் என்றன. அதனால்தான் அங்கே லெஸ்பியன் பெண்களுக்கு எதிர்பார்ப்பும் அதிகம், வலியும் அதிகம். எல்லாமே அரசியல் என்று சொன்ன அந்த வட்டங்களில் பேச்சு பெரும்பாலும் கணவனையும் காதலனையும் சுற்றியே நடந்தது. 1970 மார்ச்சில் சூசன் பிரவுன்மில்லர், தீவிரப் பெண்ணியர்தான், லெஸ்பியன் பெண்களால் இயக்கத்துக்குப் பெரிய ஆபத்து ஒன்றுமில்லை என்ற பொருளில் 'நியூயார்க் டைம்ஸ்' வார இதழில் ஒரு வரி எழுதினார். சமாதானமாகத்தான் எழுதினார் என்று நினைக்கிறேன். ஆனால் நாங்கள் ஒரு பொருட்டே இல்லையா என்றுதான் அது அவர்கள் காதில் விழுந்தது.

ஆசிரியை, மதுரை: விளக்கை அணைத்து மேடை ஏறியதாகச் சொல்கிறார்களே, அது என்ன சம்பவம்?

1970 மே 1, பெண்கள் ஒற்றுமை மாநாட்டின் இரண்டாவது கூட்டம், நியூயார்க்கில் ஒரு பள்ளி அரங்கம். நூற்றுக்கணக்கான பெண்கள் கூடியிருந்தார்கள். நிகழ்ச்சி நிரலில் லெஸ்பியன் என்ற சொல்லே இல்லை. திடீரென்று விளக்கு அணைந்தது, ஒலிபெருக்கியும் நின்றது. மறுபடி வெளிச்சம் வந்தபோது ஏறக்குறைய இருபது பெண்கள் எதிரே நின்றார்கள். கையால் ஊதாச் சாயம் தோய்த்த பனியன்கள், நெஞ்சில் 'லாவெண்டர் ஆபத்து' என்ற எழுத்து. எறிந்த வசையையே எடுத்து உடுத்திக்கொண்டு வந்திருந்தார்கள்! ரெட்ஸ்டாக்கிங்ஸில் இருந்த கார்லா ஜே பார்வையாளர்களோடு உட்கார்ந்திருந்தார். எழுந்து, மேல்சட்டையைக் கழற்றி, உள்ளே போட்டிருந்த அதே பனியனைக் காட்டினார்.

அன்று கொடுத்த துண்டறிக்கையின் முதல் கேள்வி, லெஸ்பியன் என்பவள் யார். வெடிக்கும் அளவுக்குத் திரண்ட எல்லாப் பெண்களின் சினமும் அவள்தான் என்று அதற்குப் பதில் எழுதியிருந்தார்கள். மாநாடு முடிவதற்குள் அவர்களுடைய தீர்மானங்கள் ஏற்கப்பட்டன. அடுத்த ஆண்டே தேசியப் பெண்கள் அமைப்பும் லெஸ்பியன் உரிமை தன் கடமை என்று தீர்மானம் போட்டது. 1977-இல் ஹூஸ்டன் நகரில் நடந்த தேசியப் பெண்கள் மாநாட்டில் ஃப்ரீடனே எழுந்து ஆதரித்துப் பேசினார்.

ஆய்வு மாணவி, சென்னை: அப்படியானால் பிரச்சினை அங்கேயே முடிந்துவிட்டது, இல்லையா?

இல்லை. எனக்கு அதிகம் உறுத்துவது அதற்குப் பின் நடந்ததுதான். அந்தத் துண்டறிக்கையின் பதிலையே திரும்பப் படியுங்கள். சினம் இருக்கிறது, காதல் எங்கே? 1979-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரப் புரட்சிப் பெண்ணியக் குழு ஓர் அறிக்கை எழுதியது. எல்லாப் பெண்ணியர்களும் அரசியல் லெஸ்பியன்களாக வேண்டும், அதாவது ஆணோடு படுக்கக் கூடாது; பெண்ணோடு உறவு கொண்டே ஆக வேண்டும் என்பதில்லை என்றது அது. ஆண்களோடு வாழ்ந்த பெண்ணியர்கள் கொதித்துப்போனார்கள். லெஸ்பியன்களிலும் பலர் காயப்பட்டார்கள். ஒருத்தியைப் பார்த்ததும் நெஞ்சு படபடத்து, வீட்டை இழந்து, வேலையை இழந்து வாழ்ந்த பெண்ணுக்கு, அவள் வாழ்க்கை ஒரு கொள்கை முடிவு என்று சொன்னால் எப்படி இருக்கும்?

வாசகி, பெங்களூர்: 'புட்ச்', 'ஃபெம்' ஜோடிகளைப் பெண்ணியர்கள் ஏன் வெறுத்தார்கள்?

ஒருத்தி ஆண் தோற்றத்திலும் மற்றவள் பெண் தோற்றத்திலும் இருப்பது, கணவன் மனைவி நாடகத்தையே திரும்ப ஆடுவது என்று நினைத்தார்கள். ஜோன் நெஸ்லே அதை மறுத்தார். 1950-களில் நியூயார்க் மதுக்கூடங்களில் வளர்ந்த தொழிலாளி வர்க்கப் பெண் அவர். கிரீனிச் வில்லேஜில் 'சீ காலனி' என்று ஒரு மதுக்கூடம். அங்கே கழிப்பறைக்கு ஒரு நேரத்தில் ஒருத்திதான் போகலாம். வாசலில் நிற்கும் பெண் காகிதத்தைக் கையில் சுற்றி அளந்து கொடுப்பாள். இரண்டு பேர் சேர்ந்து போனால் தப்பு நடந்துவிடுமாம். அந்த அவமானத்தையும் போலீஸ் சோதனையையும் தாண்டி ஜோடியாகத் தெருவில் நடந்தது துணிச்சல், அதில் பாவனை எதுவும் இல்லை என்று 1981-இல் எழுதினார். நான் அவர் பக்கம்.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியில் பாலியல் பற்றிய மாநாடு நடந்தது. புட்ச், ஃபெம் உறவு போன்றவற்றை ஆதரிப்பவர்களுக்கு அங்கே இடம் கொடுத்ததை எதிர்த்து, ஆபாசப் பட எதிர்ப்புப் பெண்ணியர்கள் வாசலில் துண்டறிக்கை கொடுத்தார்கள், கல்லூரி நிர்வாகமோ மாநாட்டுக் கையேட்டையே பறிமுதல் செய்தது. அந்த விரிசல் இன்றும் முழுதாக ஆறவில்லை.

வாசகர், யாழ்ப்பாணம்: கறுப்பின லெஸ்பியன்கள் எந்தப் பக்கம்?

பாஸ்டனில் இயங்கிய கறுப்பினப் பெண்ணியர்களின் கம்பாஹீ ரிவர் குழு 1977-இல் எழுதிய அறிக்கை, ஆண்களை முற்றாக விலக்கும் லெஸ்பியன் தனி வாழ்வை மறுத்தது. இனவெறிக்கு எதிராகத் தங்கள் ஆண்களோடு சேர்ந்து நிற்க வேண்டியிருக்கிறது என்றார்கள், அதே ஆண்களின் ஆணாதிக்கத்தோடு மோதுவதையும் விடவில்லை.

மாணவி, கோவை: இந்தக் கதைகளுக்கெல்லாம் ஆதாரம் எங்கே இருக்கிறது, அக்கா?

நிறைய நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருக்கிறது. நெஸ்லேயும் தோழிகளும் 1974-இல் தொடங்கிய 'லெஸ்பியன் ஹெர்ஸ்டரி ஆர்க்கைவ்ஸ்' என்ற ஆவணக்காப்பகம், பல ஆண்டுகள் மன்ஹாட்டனில் அவர் குடியிருந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது. 1993-இல்தான் அதற்கென்று தனிக் கட்டடம் வந்தது. கடிதம், நாட்குறிப்பு, புகைப்படம், பனியன் எல்லாம் சேர்க்கிறார்கள். உள்ளே போய்ப் படிக்கப் பட்டமோ பரிந்துரைக் கடிதமோ கேட்பதில்லை.