சுத்தியல் சத்தம் எங்கே போனது?

கேள்வி: சாலொமோன் ஆலயம் கட்டும்போது சுத்தியல் சத்தமே கேட்கவில்லை என்று 1 இராஜாக்கள் 6:7-ல் வருகிறதே, கல்லைச் செதுக்காமல் எப்படிக் கட்ட முடியும்? (பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: செதுக்கினார்கள், ஆனால் அங்கே இல்லை. அதே வசனத்தின் முதல் பாதியைப் பாருங்கள், வேலை முடித்துக் கொண்டுவந்த கற்களால் கட்டினார்கள் என்று இருக்கும். சத்தமெல்லாம் கல் வெட்டும் இடத்தோடு சரி.

எருசலேம் சுண்ணாம்புக்கல் பூமி. அங்கே ஒரு வகைக் கல் வெட்டும்போது இளக்கமாக இருந்து, காற்றுப் பட்டபிறகு இறுகும், அதனால் வெட்டிய சூட்டோடு செதுக்கிவிடுவதுதான் கல்தச்சருக்கு லாபம். பாறையில் வேண்டிய அளவுக்குக் கோடு போட்டு, சுற்றிலும் குறுகலாகப் பள்ளம் வெட்டி, அடியில் ஆப்பு வைத்துப் பெயர்த்தெடுப்பார்கள். இன்றும் தமஸ்கு வாசலுக்குப் பக்கத்தில் நகரத்துக்கு அடியிலேயே கல் வெட்டியெடுத்த பெரிய குகை ஒன்று இருக்கிறது, பழைய கல்தச்சரின் உளித்தடங்களைச் சுவரில் பார்க்கலாம். (அதைச் சாலொமோனின் குவாரி என்கிறார்கள், ஆனால் அங்கே வெட்டிய கல்தான் அவர் ஆலயத்துக்குப் போனது என்பதற்கு ஆதாரம் கிடையாது.) மலையிலேயே அளவு பிசகாமல் முடித்து அனுப்பினால்தான் கட்டுகிற இடத்தில் உளி வேண்டியிருக்காது. அந்த அமைதிக்குப் பின்னால் அவ்வளவு கணக்கு இருக்கிறது, எனக்கு ஆலயத்தின் பொன் தகட்டைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது.

அந்தக் காலத்துக் கல்வேலைக்காரர்கள் எப்படிப் பேசியிருப்பார்கள் என்று நினைத்ததுண்டா? இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேல் கழித்து, கி.மு. 701-ல் அசீரிய ராஜா சனகெரிப் படையெடுத்து வந்த சமயத்தை ஒட்டி, யூதாவின் எசேக்கியா ராஜா கீகோன் ஊற்றுத் தண்ணீரை நகரத்துக்குள் கொண்டுவரப் பாறையைக் குடைந்தார் (2 இராஜாக்கள் 20:20). 533 மீட்டர் சுரங்கம், அதுவும் வளைந்து வளைந்து போகிறது. இரண்டு முனையிலிருந்தும் இரண்டு கூட்டம் குடைந்துகொண்டே வந்திருக்கிறது. அப்புறம் நடந்ததை அவர்களே சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள்: இன்னும் மூன்று முழம் பாக்கி இருக்கையில் ஒருவன் மற்றவனைக் கூப்பிடும் குரல் கேட்டது, கடைசி நாளில் கோடாலிக்கு எதிரே கோடாலியாக வெட்டிச் சந்தித்தார்கள், தண்ணீர் 1,200 முழம் ஓடிக் குளத்தில் விழுந்தது, தலைக்கு மேலே பாறை 100 முழ உயரம்.

1880-ல் அந்தத் தண்ணீரில் விளையாடிய சிறுவன் ஒருவன் கண்ணில்தான் எழுத்துகள் பட்டன. கல் இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில். மிஞ்சிய ஆறு வரிகளில் எசேக்கியாவின் பெயர் எங்கும் இல்லை, வெட்டியவர்களும் அந்தக் குரலும்தான் இருக்கிறார்கள்.