யூரியாவுக்கு முன்னால் செடியை எண்ணுங்கள்

கேள்வி: எனக்கு ஒரு ஏக்கர் மணல்பாங்கான மானாவாரி நிலம். போன புரட்டாசிக் கடைசியில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் போட்டேன். வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஒரு சாண். நாலு மூட்டை யூரியாவை அடியுரமாகப் பாதி, முப்பதாம் நாள் பாதி போட்டேன். ஆள் உயரம் வளர்ந்தும் மூன்றில் ஒரு செடியில் கதிரே இல்லை. இந்த முறை ஐந்து மூட்டை போடலாமா?
– வாசகர் ஒருவர், சாயல்குடி

பதில்: வேண்டாம். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்த ‘ஒரு சாண்’தான். உங்கள் கணக்குப்படி ஏக்கரில் ஏறக்குறைய 39,000 செடி நின்றிருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் 60-க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளியில் 27,000 செடிதான் வரும். இருபத்தேழு பேருக்கு ஆக்கிய சோற்றுக்கு முப்பத்தொன்பது பேர் பந்தியில் உட்கார்ந்த மாதிரி.

நெருக்கத்தில் செடி வெளிச்சம் தேடி உயரும். ஆண் பூ நாள் தவறாமல் வந்துவிடும். கதிரின் பட்டு நூல்தான் பிந்தும். நூல் வெளியே வரும்போது மகரந்தம் கொட்டி முடிந்திருக்கும். அப்புறம் மணி எப்படிப் பிடிக்கும்?

தேவிபட்டினம் பக்கம் என் நிலத்திலேயே இதைப் பார்த்தேன். முளைக்காமல் போய்விடுமோ என்று குத்துக்கு இரண்டு விதை போட்டு, அதிகப்படிச் செடியைப் பிடுங்கிக் கலைக்க மனசு வராமல் விட்டுவிட்டேன். தை மாதம் உரித்தால் விரல் தண்டிக் கதிர். செடி செத்து இடைவெளி விழுந்த இடங்களில் மட்டும் முழுக் கதிர். இரண்டுக்கும் போட்ட உரம் ஒன்றுதான்.

சரி, யூரியாவுக்கு வருவோம். 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், 20 கிலோ சொச்சம். ஏக்கருக்கு 100 கிலோ தழைச்சத்து, அதாவது ஐந்து மூட்டைக் கணக்கு, தண்ணீர் கட்டி வளர்க்கும் வீரிய ஒட்டுக்குச் சொன்னது. வானம் பார்த்த மணலில் ஐப்பசி மழை ஒரே இரவில் உரத்தை வேருக்குக் கீழே இறக்கிவிடும். செடி அதிகம் இழுப்பதோ முழங்கால் உயரத்திலிருந்து ஆண் பூ வரும்வரை. அதனால் நான் மூன்று மூட்டையைத்தான் நாலாகப் பிரிக்கிறேன்: விதைப்பில் அரை, 20, 35ஆம் நாட்களில் ஒவ்வொன்று, பூ எட்டிப் பார்க்கும் முன் மீதி அரை. ஈரம் இருக்கும்போது தண்டிலிருந்து நாலு விரல் தள்ளிப் போட்டு மண் மூட வேண்டும். மேலாக வீசினால் ஒரு பங்கு காற்றோடு போகும்.

இன்னொன்று. அடியிலையில் நுனியிலிருந்து நடு நரம்பு வழியே மஞ்சள் இறங்கினால் தழைச்சத்துப் பசி. ஓரம் மட்டும் கருகினால் சாம்பல்சத்துக் (பொட்டாஷ்) குறை, இல்லையென்றால் மண்ணில் உப்பு. நம் கடலோரத்தில் உப்புக் கருகலைப் பார்த்துவிட்டுப் பலர் யூரியா வாங்க ஓடுகிறார்கள்; கஷ்டப்பட்ட காசு வீணாவது எனக்கு வேதனையாக இருக்கிறது. விதைக்கும் முன்பே ராமநாதபுரம் கடலோர உவர் ஆராய்ச்சி மையத்தில் உங்கள் மண்ணைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

இந்த முறை வரிசைக்கு இரண்டு அடி, செடிக்கு ஒரு அடி விடுங்கள். 22,000 செடி உங்கள் மணலுக்குப் போதும். பதினைந்தாம் நாள் குத்துக்கு ஒன்று நிறுத்திவிட்டு, பிடுங்கியதை மாட்டுக்குப் போடுங்கள்.