நாய் சரியான எடையில் இருக்கிறதா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

மூன்று வயது லாப்ரடார், 36 கிலோ, இது அதிகமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிலோவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, ஒரே இனத்திலேயே எலும்புக்கட்டு மாறும். தடவிப் பாருங்கள்.

முதலில் உங்கள் கையை நீட்டி, புறங்கையில் விரல்கள் தொடங்கும் இடத்தைத் தடவுங்கள். நாயின் விலாவும் அப்படி, மேலே மெல்லிய சதையோடு, எலும்பு எண்ணுகிற மாதிரி தட்டுப்பட்டால் எடை சரி. மடக்கிய கையின் முட்டி மாதிரி துருத்தினால் மெலிவு. உள்ளங்கை மேட்டை அழுத்துகிற மாதிரி இருந்து, எலும்பைத் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு ஏறிவிட்டது. அப்புறம் மேலிருந்து பாருங்கள், விலாவுக்குப் பின்னால் இடுப்பு ஒடுங்க வேண்டும். பக்கவாட்டில் வயிறு பின்னங்கால் பக்கம் மேலேறிப் போக வேண்டும்.

இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். எங்கள் வீடு ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில். மணி நாட்டு நாய், கருத்தடை செய்தது. அம்மா இரண்டு வேளையும் தட்டு நிறையச் சோறும் சாளை மீனும் பிசைந்து வைப்பார், சாயங்காலம் டீயோடு பிஸ்கட் வேறு. தினமும் பார்க்கிற கண்ணுக்கு எதுவுமே தெரியவில்லை. ஒரு நாள் குளிப்பாட்டும்போது, ஈர முடிக்கு அடியில் விலாவைத் தேடித் தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவே இல்லை. நான் அவளைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி என் எடையைக் கழித்தால் 24 கிலோ. டாக்டர் 19 போதும் என்றார்.

சோற்றைப் பாதியாக்கினோம், பிஸ்கட்டை நிறுத்தினோம், மீனை உப்பில்லாமல் அவித்து முள் எடுத்துக் கொடுத்தோம். "வாயில்லாத ஜீவன்டா, பட்டினி போடாதே" என்று அம்மா அழாத குறை. வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் குறைந்தால் போதும், அதற்கு மேல் அவசரப்படுத்தக் கூடாது. எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது.

நம் பக்கத்து வெயிலுக்கு இது சின்ன விஷயமில்லை. நாய் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும், கடற்கரைப் புழுக்கத்தில் அதுவே சரியாக நடக்காது, கொழுப்பும் சேர்ந்தால் பாவம்.

சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஒல்லியான வேட்டை நாய் வைத்திருப்பவர்கள் கடைசி விலா இரண்டு மூன்று தெரிகிறதே என்று பயந்து சோற்றைக் கூட்டாதீர்கள், அவற்றின் உடல்வாகே அப்படி. குட்டி மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருந்தால் அது குண்டு இல்லை, பெரும்பாலும் குடற்புழு, டாக்டரிடம் காட்டுங்கள். சாப்பாடு மாறாமலே எடை ஏறினாலும் இறங்கினாலும் காட்டத்தான் வேண்டும்.

இப்போது மணி பாலத்தடி மணலில் நண்டு துரத்துகிறாள். ஞாயிறுதோறும் அவள் விலாவைத் தடவிப் பார்ப்பது அம்மாதான்.