கடலூர் மாணவியை வெளிநாட்டு ரோட்டரி சங்கம் எப்படி வரவேற்கும்?

கேள்வி: கடலூரைச் சேர்ந்த என் தங்கை, ரோட்டரி அறக்கட்டளை உதவித்தொகையில் குடிநீர் மேலாண்மை படிக்க இங்கிலாந்து போகிறாள். அங்குள்ள சங்கம் வரவேற்பு அளிக்குமாம். அவளுக்கோ ஒரே தயக்கம். என்ன நடக்கும்?

பதில்: தயங்கவே வேண்டாம். உங்கள் தங்கை அங்கே அழையா விருந்தாளி அல்ல. இந்த உதவித்தொகையாக வரும், குறைந்தது 30,000 டாலர் மதிப்புள்ள உலகளாவிய மானியத்துக்கு (Global Grant), அனுப்பும் நாட்டு ரோட்டரியும் படிக்கும் நாட்டு ரோட்டரியும் சேர்ந்தே பொறுப்பேற்கின்றன. அவளுக்கென ஓர் ஆலோசகரும் இருப்பார். வீடு, வங்கிக் கணக்கு, குளிருடை என எதையும் அவரிடம் கூச்சமின்றிக் கேட்கலாம். சிகாகோவில் 1905இல் ரோட்டரியைத் தொடங்கிய வழக்கறிஞர் பால் ஹாரிஸ், பெருநகரத் தனிமையில் நட்பைத் தேடியவர்தான். 1947இல் 18 மாணவர்களோடு இந்த உதவித்தொகை மரபு ஆரம்பமானது.

வரவேற்பு பெரும்பாலும் சங்கத்தின் வழக்கமான கூட்டத்தில், உணவோடு நடக்கும். சங்கங்கள் சிறு கொடிகளைப் பரிமாறிக்கொள்வது நெடுநாள் வழக்கம்; நம் ஊர்ச் சங்கத்திடம் ஒரு கொடி கேட்டு வாங்கிச் செல்லட்டும்.

பிறகு சில நிமிடங்கள் பேசச் சொல்வார்கள். தயவுசெய்து அங்கே தமிழ்நாட்டின் பெருமைகளை ஒப்பிக்க வேண்டாம். 2004 சுனாமி கடலூர்க் கடற்கரையான தேவனாம்பட்டினத்தில் புகுந்ததையும், 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் முந்திரித் தோப்புகளைச் சாய்த்ததையும் சொல்லட்டும். இப்படிப்பட்ட பேரிடர்களில் நல்ல தண்ணீருக்கு எவ்வளவு தவிக்க நேரும் என்று சேர்த்துச் சொன்னால், குடிநீரைப் பற்றிப் படிக்க ஏன் வந்தாள் என்பது அவர்களுக்கு உடனே விளங்கும். கையோடு கொஞ்சம் பண்ருட்டி முந்திரியும் கொடுத்தனுப்புங்கள்.