பள்ளிக்கூடம் வேலைக்குத் தயார் செய்கிறதா? ஒரு கிளியரிங் ஆபீஸ்காரனின் பதில்

"இன்றைய வேலைகளுக்குத் தேவையானதைப் பள்ளிகள் சொல்லித் தருகின்றனவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாடம் சொல்லித் தருகிறார்கள். தப்பு நடந்தால் வாயைத் திறந்து சொல்லத்தான் யாரும் பழக்குவதில்லை.

எனக்குச் சென்னைப் பாரிமுனைப் பக்கம் கிளியரிங் ஆபீசில் வேலை. துறைமுகத்துக்கு வரும் சரக்குக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் பார்ப்போம். புதிதாகச் சேரும் பிள்ளைகள் பெரும்பாலும் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை. பிளஸ் டூவில் பைத்தான் படித்தவன்கூட, மெயிலில் ஃபைலை அட்டாச் செய்து இரண்டு வரி எழுதச் சொன்னால் முழிப்பான். அது ஒரு வாரத்தில் வந்துவிடும், விடுங்கள்.

போன வருடம் சேர்ந்த பையன், கன்டெய்னர்களை இறக்கி வைத்திருக்கும் யார்டுக்குக் கொடுக்கும் லெட்டரில் கன்டெய்னர் நம்பரில் ஓர் எண்ணை மாற்றி அடித்துவிட்டான். காலை பதினோரு மணிக்கே அவனுக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது நாலு மணிக்கு, மணலி யார்டு கேட்டில் நின்ற டிரைவர் போன் செய்து கத்தியபோது. வண்டி மறுநாள்தான் வெளியே வந்தது. வெயிட்டிங் சார்ஜ் எங்கள் தலையில்.

"ஏன்டா காலையிலயே சொல்லல?"

"திட்டுவீங்கன்னு பயந்துட்டேன்ணா."

அவனைக் குறை சொல்ல மனசு வரவில்லை. பிராக்டிகல் ரெக்கார்டு நோட்டை நினைத்துப் பாருங்கள். எல்லாப் பக்கத்திலும் அவுட்புட் சரியாகவே இருக்கும், ஏனென்றால் முன்வரிசைப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதியது. எர்ரர் வந்தது, இப்படித் திருத்தினேன் என்று எழுதிய ஒரு நோட்டை நான் பார்த்ததில்லை. எழுதினால் மார்க்கா கொடுப்பார்கள்? படிக்கும் பிள்ளைகளுக்கு வேலைத் திறன் பயிற்சி கொடுக்க 2022-ல் தமிழக அரசு 'நான் முதல்வன்' திட்டம் கொண்டுவந்தது, நல்ல விஷயம்தான். ஆனால் பன்னிரண்டு வருடம் சிவப்பு மைக்குப் பயந்த பயத்தை எந்த டிரெய்னிங்கில் போக்குவது?

அன்று சாயந்திரம் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன். கன்டெய்னர் நம்பர் என்றால் நாலு எழுத்து, ஏழு எண். கடைசி எண் சரிபார்க்கத்தான். எழுத்துகளுக்கும் மதிப்பு உண்டு. இடத்துக்கு இடம் 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே பெருக்கி, கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்த எண். சொல்லி முடிப்பதற்குள் பையன் முகம் மாறியது. "ணா, இது டென்த் மேத்ஸ்ல வருமே, மட்டு எண்கணிதம்!" அவனுக்கு அதில் முழு மார்க்காம். அது கன்டெய்னர் கதவில் எழுதியிருக்கிறது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. இத்தனைக்கும் அவன் வீடு இருப்பது கன்டெய்னர் லாரி வரிசைகட்டி நிற்கும் ரோட்டில்.

அடுத்த வாரம் எக்செல்லில் ஃபார்முலாவே போட்டுக்கொண்டு வந்தான். நம்பரை அடித்தால் சரியா தப்பா என்று காட்டும். இரண்டு நாள் கழித்து மறுபடி என் டேபிளுக்கு வந்து நின்றான். "மீதி 10 வந்தா 0-ன்னு எடுக்கணும்ணா, அத போட மறந்துட்டேன். நேத்து அடிச்சதையெல்லாம் திரும்பப் பாக்கணும்."